போய்வரும் கப்பல்

எங்கள் குடும்பத்தில் கப்பல் ஏறிய யாரும் ஆசைப்பட்டு ஏறியதில்லை. அப்பாவின் தாத்தா துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து, மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியவர். தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட் கழுத்தில் தொங்கியதாம். அந்தக் கப்பல் சேவை 1914 மார்ச் முதலாம் திகதி தொடங்கியது. அதற்கு முந்தி வந்தவர்களுக்குப் பாய்த்தோணிதான். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள், வழியிலேயே கொள்ளைநோயில் செத்தார்கள். 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் 120 தொழிலாளரோடு மூழ்கியதை மலையக வரலாறு எழுதிய பலரும் குறித்திருக்கிறார்கள்.

பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். அதற்கு முன் ஊவாப் பக்கம் வந்தவர்கள் பண்டாரவளையில் இறங்கி, பதுளை, பசறை கடந்து, மலையை வளைத்து வளைத்து லுணுகலைக்கு நடந்தார்கள். எங்கள் பூட்டனும் அப்படி நடந்தவர்தான். திரும்பிப் போகும் நாள் வரும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

திரும்பிப் போகும் நாள் வேறு விதமாக வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 1964 டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனதால், பிறகு கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடியது. ‘இராமானுஜம்’ என்று பெயர். இன்றைக்கும் லயத்தில் வயதானவர்கள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு நின்றுபோகும்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1974இல் அந்தக் கப்பலில் போனவர். 73, 74 என்றால் மலையகத்தில் பஞ்சம். மாவுக்கு வரிசை, அரிசிக்கு வரிசை. கிழங்கும் கீரையும் தின்று பிழைத்தவர்கள் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். பாஸ்போட் வந்ததும் ரங்குப் பெட்டி, பாயோடும் கைக்குழந்தையோடும் பதுளையில் கோச்சி ஏறினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தது எங்கள் சனங்கள்தான். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. வழியனுப்பப் பதுளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பெரியம்மா கிளம்பும்போது தன் கொழுந்துக் கூடையைத் தங்கச்சியிடம் விட்டுப்போனார். அம்மா அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கூடையில்தான் கொழுந்தெடுத்தார்.

1984இல் யுத்தத்தோடு அந்தக் கப்பலும் நின்றது. பெரியம்மா குடும்பம் நீலகிரியில் டான்டீ தோட்டத்தில் சேர்ந்திருந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. இங்கே கொழுந்தெடுத்தவர் அங்கேயும் கொழுந்தெடுத்தார். முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதம் நின்றது. பல வருடத்துக்குப் பிறகு என் தம்பி முகநூலில் தேடிப் பெரியம்மாவின் பேரனைப் பிடித்தான். அன்றிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினார்கள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். திரையில் இரண்டு காதுகள்தான் தெரியும்.

இந்தக் குடும்பம்தான் 2025 சித்திரை லீவில் கப்பலில் உல்லாசப் பயணம் போனது.

ஆசையைக் கிளப்பியது மகள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் ஹம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வரத் தொடங்கியதைப் போனில் பார்த்திருந்தாள். பதினொரு தட்டு, நீச்சல் குளம், மேடைக் கச்சேரி. “அப்பா, ஒரே ஒரு வாட்டி” என்றாள். அது சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குகிறவர்களுக்கான சுற்று, நமக்குத் தோதுப்படாது. ஆனால் அவள் கேட்டது மனதில் கிடந்தது. மலையகத்தில் ஊர் சுற்றுவதென்றால் கதிர்காமத் திருவிழா, சிவனொளிபாத மலைதான். எதுவானாலும் ஒரு சாமி இருக்க வேண்டும், அல்லது ஒரு கல்யாணமோ சாவோ இருக்க வேண்டும். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது என்பது எங்கள் தலைமுறைக்குக்கூட வெட்கப்பட வேண்டிய செலவாகவே இருந்தது. என் பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் நாகப்பட்டினம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபர் 14ஆம் திகதி ‘செரியாபாணி’ என்ற கப்பலோடு ஆரம்பித்து, ஒரு வாரம் போவதற்குள் பருவமழைக்காக நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தது. நூற்றைம்பது பேர் அளவில் உட்காரலாம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ அறுபது கடல் மைல், நான்கு மணி நேரம். ஓர் ஆளுக்குப் போய்வர முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும் என்று கணக்குப் பார்த்தோம். தோட்டத்தில் அன்றைய நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் மலைக்குப் போனால் கிடைக்கும் காசு ஒருவர் போய்வர மட்டும் சரியாக இருக்கும். மலிவுக் கப்பல் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நான் வாத்தியார் வேலை பார்ப்பதாலும், மனைவி இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டு விழுந்ததாலும்தான் எங்களுக்கு அது கைக்கெட்டியது.

காசைவிடப் பெரிய மலை பாஸ்போட். அம்மாவின் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சர்வ சாதாரணம். பெயர் சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. மூன்று பெயரும் ஒரே பெண்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, கண்டிக்கு அலைந்து, திரும்ப அலைந்து, கடைசியில் அந்தச் சின்னப் புத்தகம் கைக்கு வந்தது. அம்மா அதைத் திறந்து தன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது தாண்டும்வரை எந்த நாடும் தன்னுடைய ஆள் என்று சொல்லாத மனுஷி அவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜை ஆனார்.

விஷயம் லயத்தில் பரவியதும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்த கிழவர் ஒருவர் வெற்றிலையோடு வந்தார். அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “போய்ட்டு வருவியாம்மா?” என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் போய்த் திரும்பாதவர்கள். அன்று இரவு இன்னும் நாலைந்து கிழவிகள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கப்பல் ஏறுகிறாள் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். “சீட்டு ரெண்டு பக்கமும் போட்டிருக்கு, பத்து நாள்ல வந்துருவேன்” என்று அம்மா ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே பயம் வந்துவிட்டது. படுக்கப்போகும் முன் என்னிடம் திரும்பி வரும் டிக்கெட்டைத் தனியாகக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

லுணுகலையிலிருந்து கிளம்பும் பஸ் பசறைக்குப் போகும் வழியில் பதின்மூன்றாம் கட்டையைத் தாண்ட வேண்டும். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்த இடம். செத்தவர்கள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்த முகங்கள். அந்த இடத்தில் இன்றும் யாரும் பேசுவதில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு பதுளை, கண்டி, இரவு முழுக்க யாழ்ப்பாண பஸ். எங்கள் ஊர் வழியாகவே போகும் ஏ-5 பாதையில் பிபிலை, மகாஓயா என்று நேரே இறங்கினால் செங்கலடி வந்துவிடும், அங்கிருந்து மட்டக்களப்புக் கடல் கிட்ட. இருந்தும் அம்மா தன் வாழ்நாளில் கடலைப் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

காங்கேசன்துறையில் வெயில். மலைக் குளிரில் கிடந்த உடம்புகள் உப்பு வேர்வையில் நனைந்தன. மூடிக் கிடந்த சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்த்து மகன் அது என்ன கோட்டை என்று கேட்டான். துறைமுகத்துக் கட்டிடத்துக்குள் பைகளைச் சோதித்து, நிறுத்து, முத்திரை குத்தி, வரிசையில் நிற்க வைத்தார்கள். எங்களோடு நின்றவர்களில் யாவாரிகள் இருந்தார்கள். சிதம்பரத்துக்குப் போகும் யாழ்ப்பாணத்து அம்மாக்கள் இருந்தார்கள். சென்னையில் வைத்தியம் பார்க்கப் போகும் ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். ஒரு அம்மா என் தாயாரிடம், “நீங்கள் எவ்விடம்?” என்றார். “லுணுகல.” “அது எங்கை இருக்கு?” “பதுளப் பக்கம்.” “ஓ, மலைநாடே? அங்கையிருந்து இவ்வளவு தூரம் வந்தனீங்களோ!” தன் பையைத் திறந்து பனங்கட்டி ஒரு குட்டான் எடுத்துக் கொடுத்தார். கப்பல் இறங்கும்வரை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

எங்கள் மனதிலிருந்த கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே போனால் வரிசை வரிசையாக நாற்காலி, ஏசிக் குளிர், கண்ணாடி ஜன்னல். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இயந்திரம் உறுமி, கரை மெல்லப் பின்னால் போகத் தொடங்கியபோது அவர் என் கையைப் பிடிக்கவில்லை. சுருக்குப் பையைப் பிடித்துக்கொண்டார். கடல் முதலில் பச்சையாக இருந்தது. அரை மணி நேரத்தில் கறுநீலம். கரை மறைந்ததும் பிள்ளைகள் குதித்தார்கள், எழுந்து நின்று படம் எடுத்தார்கள்.

நடுக்கடலுக்கு வந்ததும் அவர்கள் ஆட்டம் அடங்கியது. மகன்தான் முதலில் வாந்தி எடுத்தான், அப்புறம் மனைவி. கப்பல்காரப் பையன் பைகளைக் கொடுத்துக்கொண்டே நடந்தான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போதே பிபிலைத் தோடம்பழம் கொஞ்சம் வாங்கிக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை உரித்து, தோலை மடக்கிப் பிழிந்து, அந்தச் சாரல் மூக்கில் படும்படி பேரனின் முகத்தருகே பிடித்தார். இன்னொரு தோல் மருமகளுக்கு. நெற்றிக்குச் சித்தாலேப. வளைவுப் பாதையில் பஸ் ஏறிப் பழகிய சனத்துக்குத் தெரிந்த வைத்தியம் அது. எங்கள் பக்கத்து வரிசைகளிலிருந்தும் கைகள் நீண்டன. கொஞ்ச நேரத்தில் கப்பலின் அந்தப் பகுதி முழுக்கத் தோடம்பழ வாசனை. யாழ்ப்பாணத்து அம்மா கண்ணை மூடியபடி, “இன்னும் ஒண்டு தாங்கோ” என்றார். சுளைகளைத் தின்ன ஆளில்லை. அம்மாதான் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போது அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “அக்கா கைப்புள்ளய வச்சிக்கிட்டு இதுலதான் போயிருக்கும்.”

வேறு கடல், வேறு கப்பல், வேறு தூரம் என்று நான் சொல்லவில்லை. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் இதைவிடக் குறைந்த தூரம்தான். ஆனால் திரும்பி வர வழியில்லாமல் ஏறியவர்களுக்கு அந்தத் தூரம் எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை, திரும்பும் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த நான் எந்தக் கணக்கில் சொல்வது?

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குடிவரவு மேசையில் இருந்த அதிகாரி தமிழில் பேசினார். “எதுக்கும்மா வந்திருக்கீங்க?”

“சும்மாதான் சாமி. ஊரப் பாக்க. அக்காவப் பாக்க.”

“எப்ப திரும்புறீங்க?”

அம்மா பதில் சொல்லவில்லை. சுருக்குப் பையைத் திறந்து, மடித்த காகிதத்தை விரித்து மேசையில் வைத்தார். பாஸ்போட்டை நீட்டியது அதற்குப் பிறகு. அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். எங்கள் வம்சத்தில் ‘சும்மா’ என்று காரணம் சொல்லிக் கடல் தாண்டிய முதல் ஆள் என் தாய்தான். பின்னால் நின்றிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

பெரியம்மா கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். கோத்தகிரியிலிருந்து மகனோடு பஸ் மாறி மாறி இறங்கி வந்திருந்தார். இரண்டு பேரும் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அம்மா போய் எதிரே நின்றார். பெரியம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மாவின் வலது கையை இழுத்து, ஆட்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல், வேலையை விட்டுப் பல வருடமாகியும் கறுப்பு முழுக்கப் போகாத விரல். பெரியம்மாவின் விரலும் அப்படித்தான் இருந்தது.

“என் கூடை என்னாச்சு?” என்றார் பெரியம்மா.

“பிஞ்சு போற வரைக்கும் எடுத்தேன்க்கா.”

அதற்குப் பிறகுதான் அழுகை.

நாகூரில் ஓர் அறை, வேளாங்கண்ணியில் ஓர் அறை என்று மலிவாகத் தங்கினோம். காலையில் இட்லி, பகலில் கிடைத்த கடையில் சாப்பாடு, இரவு புரோட்டா. பிள்ளைகள் நாகூர் தர்காவின் மனோராக்களை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்; வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருட்டும்வரை நின்றார்கள். 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அது என்று சொன்னதும் மகள் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார், தர்காவில் சர்க்கரை ஓதி வாங்கினார், சிக்கலில் முருகனுக்கு அர்ச்சனை செய்தார். மூன்று இடத்திலும் ஒரே வேண்டுதலாம். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இதே நாகப்பட்டினத்திலிருந்துதான் ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சனங்களை ஏற்றிப்போயின. துறைமுகத்துப் பழைய ஆட்களிடம் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் கண் விரிகிறது.

துறையூருக்கும் ஒரு நாள் போனோம். பூட்டன் சொன்ன ஊர் இருந்தது, எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். அதில் எழுத அதிகமில்லை. எங்களுக்கு அந்த ஊரில் ஒரு குறையுமில்லை, உரிமையுமில்லை. பிள்ளைகளுக்கு அங்கே தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.

என்னால் மறக்க முடியாதது அறையில் கழிந்த பகல் நேரங்கள். வெயில் தாங்காமல் நாங்கள் பேனுக்கு அடியில் படுத்துக் கிடப்போம். அக்காவும் தங்கச்சியும் சுவரில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். ஐம்பது வருடக் கதை முழுக்க வேலைக் கதையாகவே இருந்தது. அங்கே எத்தனை கிலோ எடுக்கணும், இங்கே எத்தனை, அட்டை அங்கேயும் கடிக்குமா, கங்காணி ஏசுவானா, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா. எந்த லயத்தில் யார் இருந்தார்கள், எந்த மலைக்கு எந்தப் பெயர் என்று பெரியம்மா வரிசையாகச் சொன்னார். ஓப்டன், அடாவத்தை, மடூல்சீமை என்று தோட்டங்களின் பெயர்களைக் கோயில் பெயர்களைப் போலச் சொன்னார். அம்மா மறந்துபோன வாய்க்கால்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. போனவர்களுக்குத்தான் ஊர் அப்படியே இருக்கிறது போலும். இருந்தவர்களுக்கு அது மாறிக்கொண்டே போய்விட்டது.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொண்டுவந்திருந்த சாமானைப் பிரித்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லுணுகலையிலிருந்து போன பொட்டலமும் தேயிலைத் தூள், கோத்தகிரியிலிருந்து வந்த பொட்டலமும் தேயிலைத் தூள். அன்று சாயந்தரம் கீழேயிருந்த கடைக்காரரிடம் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டையும் தனித்தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். “ஒன்னோடதுல சாயம் கூட” என்றார் பெரியம்மா. “ஒங்களுது வாசம்” என்றார் அம்மா. இந்த இரண்டு பெண்களும் அவர்கள் தாயும் தாய்க்குத் தாயும் பறித்த கொழுந்து உலகத்தில் எத்தனை நாட்டு மேசைக்குப் போயிருக்கும்! கடலைத் தாண்டி ஒருவரை ஒருவர் பார்க்க அவர்களுக்கு அரை நூற்றாண்டு ஆனது. இதை நினைக்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் ஆறவில்லை.

திரும்பும் நாளில் பெரியம்மா துறைமுகம் வரை வந்தார். அழவில்லை. “அடுத்த வருசம் நான் வாறேன், எனக்கும் பாஸ்போட் எடுத்துத் தர்றேன்னு பேரன் சொல்லியிருக்கான்” என்றார். அந்த வார்த்தையை அம்மா வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். காலைக் கப்பல், அலை குறைவு, யாரும் வாந்தி எடுக்கவில்லை. மதியத்துக்குள் காங்கேசன்துறை. இரவு பஸ். பதுளையில் விடிந்தது. லுணுகலையில் இறங்கும்போது மலை உச்சியில் முகில் இறங்கிக் கிடந்தது. மகன் “குளிருதுப்பா” என்று சந்தோஷமாகக் கத்தினான். லயத்து வாசலில் அந்தக் கிழவர் முதல் ஆளாக வந்து நின்றார். அம்மாவைப் பார்த்தபடி நின்றாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது, போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று. பிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு செலவு, என்ன கடதாசி வேண்டும், வயதானவர்களை ஏற்றுவார்களா.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2023இல் மலையகத்தின் இருநூறாவது வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். முன்னோர் வந்த வழியை நடந்து காட்டியது பெரிய காரியம். அந்த வழியின் கடல் பாதி இன்னும் மூடிக் கிடக்கிறது. இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலைத் திரும்ப ஓட்ட வேலை செய்வதாக 2024 டிசம்பரில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கூட்டறிக்கையில் சொன்னார்கள். அது சீக்கிரம் ஓட வேண்டும். தோட்டத்து நாட்சம்பளத்தில் வாழ்கிறவர்களும் ஏறக்கூடிய கட்டணத்தில் ஓட வேண்டும். நம்மைக் கேட்காமல் ஏற்றிப்போன அரசுகள் இந்தக் கட்டணத்தில் கொஞ்சம் தாங்கினால் அது தர்மம் இல்லை, கடன்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் அக்கரையில் ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால், அவர்களுக்கும் எழுபது, எண்பது ஆகியிருக்கும். பாஸ்போட் வேலையை இந்த மாதமே ஆரம்பியுங்கள். பிறப்புப் பதிவில் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் திருத்தத்தான் மாதக்கணக்காகும். வருடக் கடைசி மாதங்களில் பருவமழைக்குக் கப்பலை நிறுத்துவார்கள் என்பதால், சித்திரை லீவையே குறித்துக்கொள்ளுங்கள். தோடம்பழம் மறக்காதீர்கள்.